மஞ்சப் பூத்த ஹெட்லைட்: பேஸ்ட்டா, வாட்டர் பேப்பரா, பட்டறையா, புதுசா?

போன மாசம் மட்டும் இதே கேள்விய மூணு பேரு கேட்டுட்டாங்க. ஒருத்தன் எங்க மச்சான், ராமேஸ்வரம் ஸ்டேஷன் வாசல்ல இருந்து தனுஷ்கோடிக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுறான். இன்னொருத்தர் கீழக்கரை காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க), அவரு இருக்கது துபாய்ல, கார் ஓடுறது அவரு வாப்பா, அதாவது அப்பா கையில. மூணாவது, ராமநாதபுரத்துல இருந்து ஏர்வாடிப் பக்கம் ஸ்கூலுக்கு டெய்லி தானே ஓட்டிட்டுப் போற டீச்சரக்கா. மூணு பேரு வண்டியிலயும் ஹெட்லைட்டு கண்ணுல பூ விழுந்த மாதிரி நிக்கிது. பல்லு வெளக்குற பேஸ்ட்டு போதும்னு ஒருத்தன் சொல்றான், மெக்கானிக்கு செட்டா மாத்திருங்கன்னு ஆறாயிரம் ஏழாயிரம் சொல்றாரு, நடுவுல கிடக்குற பத்து வழியில எதப் புடிக்கிறதுன்னு தெரியாம அப்படியே ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

என் வண்டி 2011 ஆல்ட்டோ. உச்சிப்புளி வீட்டு வாசல்ல வேப்பமரம் இருக்கு, ஆனா நெழல் விழுறது பக்கத்து வீட்டு மேல, வண்டி நிக்கிறது வெயில்ல. கீழ சொல்ற வழியில பாதிய நானே செஞ்சு பாத்து, ஒண்ணுல நல்லா மொக்கையும் வாங்கியிருக்கேன். மீதி சொந்தக்காரய்ங்க வண்டியில பாத்தது.

## மொதல்ல ஒரு சொம்பு தண்ணி

எந்த வழின்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி லைட்டு மேல ஒரு சொம்பு தண்ணிய ஊத்துங்க. தண்ணி படலம் நிக்கிற அந்த ரெண்டு மூணு செகண்டு உள்ள இருக்க பல்பும் ரிஃப்ளெக்டரும் பளிச்சுன்னு தெரிஞ்சா நோய் வெளிப்பக்கம்தான், வீட்லயே சரி பண்ணிரலாம். தண்ணி ஊத்துனாலும் அதே மங்கலா இருந்துச்சுன்னா நோய் உள்ள. ஒண்ணு உள்பக்கம் ஆவி கோத்து உப்புப் படிஞ்சிருக்கும், இல்ல ரிஃப்ளெக்டரோட வெள்ளிப் பூச்சு கருகியோ உரிஞ்சோ போயிருக்கும். அதுக்கு வெளிய எதத் தேய்ச்சும் புண்ணியமில்ல, நேரா புதுசா மாத்துற கடைசி வழிக்குப் போயிருங்க.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்குன்னே உள்ளது. பல்பு சாக்கெட்டுல, எர்த் வயர் பாடியில முறுக்குன எடத்துல பச்சையாப் பூத்துருக்கான்னு பாருங்க. உப்புக்காத்து செம்பத் தின்ன அடையாளம் அது. எஞ்சின் ஓடி லைட்டு எரியும்போது பேட்டரியில இருக்க வோல்டேஜுக்கும் சாக்கெட்டுல வர்ற வோல்டேஜுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா கண்ணாடி எம்புட்டு பளபளன்னு இருந்தும் லைட்டு அழுதுக்கிட்டுதான் எரியும், ஏன்னா ஹாலோஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் கொறஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிரும். வயர் முனையச் சுரண்டி முறுக்குறதுக்கு அஞ்சு பைசா செலவில்ல. அத விட்டுட்டு 100/90 வாட்ஸ் பல்பு வாங்கி மாட்டுறாய்ங்க பாருங்க, சாதா 60/55 பல்புக்குன்னு செஞ்ச ஹோல்டரும் வயரும் அந்தச் சூட்டுல உருகி, ரிஃப்ளெக்டரும் கருகி, தேய்ச்சு சரியாகுற லைட்டு மாத்தியே ஆகணும்ங்குற நெலமைக்கு வந்துரும்.

## ஏன் இங்க மட்டும் சீக்கிரம் போகுது

பேருக்குத்தான் அது கண்ணாடி. அந்தக் காலத்து அம்பாசடருக்கு நெசமாவே கண்ணாடி, கல்லு பட்டா ஒடையும், ஆனா மஞ்சளாகாது. இப்ப வர்ற எல்லாமே பாலிகார்பனேட்டுன்னு ஒரு பிளாஸ்டிக். ஒடையாது, எந்த வளைவுக்கும் வளையும், ஆனா லேசுல கீறல் விழும், வெயிலும் தாங்காது. அதனால கம்பெனியில மேல ஒரு மெல்லிசு கோட்டிங் அடிச்சு அனுப்புறாய்ங்க, வெயில்ல இருக்க புற ஊதாக் கதிர அதுதான் தாங்குது. அது தேஞ்சு, வெடிச்சு, உரிஞ்சு போன பொறகுதான் கீழ இருக்க பிளாஸ்டிக்கு மஞ்சப் பூக்குது.

நம்ம பக்கம் வெயிலு ஒரு பங்குன்னா மணலு ரெண்டு பங்கு. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) சீசன்ல தனுஷ்கோடி போற வழியில இருக்க முகுந்தராயர் சத்திரத்தத் தாண்டுனா ரோட்டு மேல மணலு பாம்பு மாதிரி ஓடுறத எல்லாரும் பாத்துருப்பீங்க. அதுக்கு எதுத்தாப்ல அம்பது அறுபதுல வண்டி போனா லைட்டுக்கு டெய்லி வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போடுற கணக்குதான். மச்சான் வேனுல மூணு வருசத்துலயே பூத்துருச்சு. அது பத்தாதுன்னு கழுவுறதும் உவர்த் தண்ணியில, காஞ்சதும் வெள்ளத் திட்டு, அத அழுக்குத் துணியால அழுத்தித் தொடைக்கிறது.

இதுல இருந்து ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, கீழ வர்ற ஒவ்வொரு வழியையும் இத வச்சுத்தான் நான் எடை போடுறேன். தேய்ச்சுத் தெளிய வைக்கிறது யாராலயும் முடியும், தேய்ச்ச பொறகு மேல என்ன பூசப் போறீங்கங்குறதுதான் உண்மையான முடிவு. பழைய கோட்டிங்க எடுத்துட்டு அம்மணமா விட்டா ரெண்டே மாசத்துல முன்னவிட மோசமா வந்து நிக்கும்.

## எத வச்சு ஒப்பிடப் போறோம்

காசு. ஆனா கடையில குடுத்த காச மட்டும் பாக்காம, அது எத்தன மாசம் நிக்குதோ அத்தனையால வகுத்துப் பாக்கணும்.

ராத்திரி ரோட்டுல நெசமா வெளிச்சம் கூடுதா. பகல்ல போட்டோவுக்கு நல்லா இருக்கது வேற. கீழக்கரை தாண்டி சாயல்குடி வரைக்கும் ஈசிஆர்ல ரெண்டு பக்கமும் சீமக்கருவேலம், அதுக்குள்ள இருந்து திடீர்னு ஆடு வரும், மழைக்காலத்துல மாடு ரோட்டுலயே படுத்துக் கிடக்கும். மங்குன லைட்டு வெளிச்சத்தக் கொறைக்கிறது மட்டுமில்ல, சிதறடிக்கவும் செய்யும், எதுத்தாப்ல வர்றவன் கண்ணுலயும் அடிக்கும்.

கை தவறுனா என்ன ஆகும். திருப்பிச் சரி பண்ண முடியுமா, இல்ல லைட்டே போயிருமா.

எடம், நேரம், தண்ணி. காத்து அடிக்காத எடம் வேணுமா, நல்ல தண்ணி வேணுமா, எத்தன மணி நேரம் குனிஞ்சு நிக்கணும்.

இனி ஒவ்வொண்ணாப் பாப்போம்.

## டூத் பேஸ்ட், சோடா உப்பு, வினிகர்

செலவுன்னு ஒண்ணும் இல்ல. வெள்ளப் பேஸ்ட்ல இருக்க நைசான பொடி மேலாப்புல இருக்க அழுக்கையும் வெயில்ல கெட்டுப்போன மேல்தோலையும் எடுக்கும். ஜெல் பேஸ்ட்ல அந்த வேல அம்புட்டா நடக்காது. சோடா உப்புல வினிகர் ஊத்துனா பொங்குறதப் பாத்து ஏதோ பெருசா நடக்குதுன்னு தோணும், பொங்கி முடிஞ்சா மிச்சம் கொஞ்சம் உப்புத் தண்ணிதான். தேய்க்கிற வேலையச் செய்யுறது கரையாமக் கிடக்குற சோடாப் பொடியும் நம்ம கையும்.

லேசா பனி படிஞ்ச மாதிரி இருக்க லைட்டுக்கு இது தெரியிற அளவுக்கு எடுபடும். மஞ்சளுக்கு எடுபடாது. எனக்கு நின்னது மூணு வாரம். மறைஞ்சிருக்க செலவு என்னன்னா, ஒவ்வொரு தடவையும் மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்க கோட்டிங்கையும் கொஞ்சம் கொஞ்சமா சொரண்டி எடுத்துர்றோம். மாசாமாசம் பேஸ்ட் தேய்க்கிறவங்க அவங்களே அவங்க லைட்டுக்கு வயசு ஏத்துறாங்க.

எப்ப இது சரி: நாளைக்கு ராத்திரி மதுர போயே ஆகணும், கையில ஒண்ணும் இல்ல. அப்ப தேய்ங்க, திட்ட மாட்டேன்.

## கொசு ஸ்ப்ரே, தின்னர், பெட்ரோல், ஆயில் தடவுறது

இத ஒரு வழியாவே எழுதக்கூடாது. ஆனா செல்லுல வீடியோ பாத்துட்டு பாதிப் பேரு இதத்தான் கேக்குறாய்ங்க, அதான்.

கொசு விரட்டுற ஸ்ப்ரேயில டீட்னு ஒரு ரசாயனம் இருக்கும், அது பிளாஸ்டிக்கோட மேல்தோல எளக்கும். தின்னரும் அதே மாதிரி. எளகி வழியும்போது பளபளன்னு இருக்கும், வீடியோ அந்த நிமிசத்தோட முடிஞ்சுரும். பொறகு மயிரிழ மயிரிழயா உள்ளுக்குள்ள வெடிப்பு விடும், அத எந்தப் பேப்பராலயும் எடுக்க முடியாது. போதாக்குறைக்கு பம்பர்ல வழிஞ்சா பெயிண்ட்டும் போச்சு. ஆயில், துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே இதெல்லாம் கீறல் பள்ளத்துல போயி ரொம்பி கொஞ்ச நேரம் தெளிவாக் காட்டும், நம்ம ஊரு புழுதி அது மேல அப்பிக்கிட்டு அடுத்த நாளே முன்னவிடக் கேவலமா இருக்கும்.

இதோட சேத்து இன்னொண்ணும் ஆன்லைன்ல வித்துக்கிட்டு இருக்காய்ங்க: ஒரு கப்புல மருந்த ஊத்தி, கரண்ட்ல சூடாக்கி, வர்ற ஆவிய லைட்டுல காட்டுறது. ஒரு நிமிசத்துல கண்ணாடி மாதிரி ஆகும், அது உண்மைதான். ஆனா அந்த மருந்து பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன் மாதிரி சரக்கு, மூச்சுல போனா ஆகாது, அதுவும் பூட்டுன ஷெட்டுக்குள்ள நின்னு செய்யவே கூடாது. மேல்தோல உருக்கி மட்டம் பண்றதுதான் வேல, வெயிலத் தடுக்க மேல ஒண்ணும் வைக்கிறதில்ல. திரும்ப மஞ்சளாகுறப்ப வெடிப்போட சேந்து ஆகும்.

## வாட்டர் பேப்பர், காம்பவுண்ட், மேல வேக்ஸ்

இதுல இருந்துதான் உருப்படியான வழி ஆரம்பிக்கிது. பெயிண்ட் கடையில 800, 1000, 1500, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் ஒவ்வொண்ணு, ஒரு மாஸ்கிங் டேப், சின்ன ரப்பிங் காம்பவுண்ட், ஒரு வேக்ஸ். எனக்கு எல்லாம் சேத்து ஐநூத்துச் சொச்சம் ஆச்சு, அதுலயும் பாதி மிச்சம் இருக்கு. 3000 நம்பர் நம்ம சின்ன ஊருக் கடையில கிடைக்கிறது கஷ்டம், ராமநாதபுரத்துலயோ மதுரையிலயோ வாங்கி வச்சுக்கங்க.

லைட்ட சுத்தி பெயிண்ட் மேல டேப்ப ரெண்டு மூணு வரிசை ஒட்டுங்க. ஒரு வரிசை ஒட்டிட்டு தைரியமாத் தேய்ச்சு பானெட் ஓரம் சொரண்டுனவன் சொல்றேன். பேப்பரத் தண்ணியில ஊறப்போட்டு, ரெண்டு சொட்டு ஷாம்பூ விட்டு, 800ல ஒரே தெசையில, அடுத்த நம்பர்ல அதுக்குக் குறுக்குத் தெசையில, இப்படி மாத்தி மாத்திப் போங்க. குறுக்க போனாத்தான் முன்ன போட்ட கீறல் முழுசாப் போச்சான்னு தெரியும். மொதல்ல மஞ்சப் பாலு வடியும், தேய்க்கத் தேய்க்க அது வெள்ளப் பாலா மாறும். வெள்ளையா ஆகுற வரைக்கும் 800அ விடாதீங்க, அதுதான் பழைய கோட்டிங் முழுசா எறங்கிருச்சுங்குறதுக்கு அடையாளம். அங்கங்க திட்டுத் திட்டா பழசு ஒட்டிக்கிட்டு இருந்தா கடைசி வரைக்கும் மேப்பு மாதிரி தெரியும். 800 போட்டதும் லைட்டு மோர் ஊத்துன மாதிரி வெள்ளையாயிரும், பயந்து நிறுத்திறாதீங்க, எல்லாருக்கும் வயித்தக் கலக்குற எடம் அதுதான். 2000, 3000 முடிச்சு காம்பவுண்ட் போட்டா கண்ணு தெறந்த மாதிரி இருக்கும்.

தண்ணி விசயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். போர் தண்ணியில மணத்துகள் ஒண்ணு இருந்தாலும் 2000 நம்பர் போடும்போது நீளமா ஒரு கோடு இழுத்துரும், திரும்ப 1000ல இருந்து வரணும். கேன் தண்ணி ரெண்டு லிட்டரு போதும், அதையும் நம்பருக்கு நம்பர் மாத்துங்க.

ரெண்டு லைட்டுக்கும் கையால மூணு மணி நேரம். தோளு வலிக்கும்.

இப்ப இதோட பலவீனம். வேக்ஸ் ஒரு கோட்டிங்கே இல்ல, சும்மா ஒரு மெழுகுப் போர்வ. வெயிலும் உப்பும் அத மூணு நாலு வாரத்துல தின்னுரும். மாசம் ஒரு தடவ அஞ்சு நிமிசம் வேக்ஸ் தொடைக்கிற ஆளா இருந்தா ஆறு மாசம் கூட இழுக்கலாம். நான் அந்த ஆளு இல்ல. ரெண்டு மாசம் ஒழுங்கா தொடைச்சேன், மூணாவது மாசம் மறந்தேன், அஞ்சாவது மாசம் பழையபடி பூத்துருச்சு. சும்மா கழுவவே நேரமில்லன்னு சொல்ற வீட்டுக்கு இந்த வழி ஆகாது.

கடையில பாக்கெட்டா விக்கிற ரெஸ்டோரேஷன் கிட்டும் இதே சாமான்தான், டிரில் மெஷின்ல மாட்டுற பேடு கூட இருக்கும். ஆயிரத்தச் சுத்தி வரும். டிரில் வீட்ல இருந்தா கையி வலிக்காது, ஆனா ஒரே எடத்துல நிறுத்துனா சூட்டுல பிளாஸ்டிக்கு இளகிரும். வாங்குறதா இருந்தா உள்ள கடைசியாப் பூசுறதுக்கு கோட்டிங் துணியோ பாட்டிலோ இருக்கான்னு அட்டையப் பாத்துட்டு வாங்குங்க. இல்லைன்னா அது அட்டப்பெட்டிக்குள்ள போட்ட வாட்டர் பேப்பர்.

## வாட்டர் பேப்பர், மேல கிளியர் கோட்

கிளியர்ங்குறது வண்டி பெயிண்ட்டுக்கு மேல அடிக்கிற நெறமில்லாத பூச்சு. இதுல ரெண்டு கிளை.

ஒண்ணு ஸ்ப்ரே டப்பா. சாதா கிளியர் லேக்கர் டப்பா எரநூறு முந்நூறுக்குக் கிடைக்கும், அத அடிக்காதீங்க. நம்ம வெயில்ல ஒரு வருசத்துக்குள்ள அதுவே மஞ்சளாகி செதில் செதிலா உரியும், பொறகு அந்தச் செதில உரிச்சுட்டுத் தேய்க்கிறது ரெண்டு மடங்கு வேல. வாங்குனா டூகே கிளியர் வாங்கணும், ஆயிரத்துக்கு முன்னப் பின்ன ஆகும். டப்பாக்குள்ளயே ஹார்டனர் தனியா இருக்கும், அடியில இருக்க பின்ன அமுக்குனா ரெண்டும் கலக்கும். கலந்த பொறகு ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள அடிச்சு முடிக்கணும், மிச்சம் உள்ளயே கல்லாயிரும்.

கிளியர் அடிக்கப் போறீங்கன்னா 3000 வரைக்கும் போகத் தேவையில்ல, காம்பவுண்ட் பக்கமே போகக்கூடாது. 1000, மிஞ்சுனா 1500ல நிறுத்துங்க, கிளியர் புடிச்சு நிக்க அந்த சொரசொரப்பு வேணும், கீறல அதுவே ரொப்பி மூடிரும். காம்பவுண்ட்ல இருக்க எண்ணெய் ஒட்டுனா கிளியர் மீனு கண்ணு மாதிரி வட்டம் வட்டமா வெலகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு புதுத் துணியால தொடைச்சுக்கங்க. கை கழுவுற சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் இருக்கும். மொதக் கோட்டு பனி படிஞ்ச மாதிரி மெல்லிசா, பத்து நிமிசம் விட்டு ரெண்டாவது, திரும்ப பத்து நிமிசம் விட்டு மூணாவது. ஒரேயடியா ஈரமா அடிச்சா வழியும், பிளாஸ்டிக்கும் வெடிப்பு விடலாம்.

டூகேல ஐசோசயனேட்னு மூச்சுக்கு ஆகாத ரசாயனம் இருக்கு. துணி மாஸ்க்கோ கொரோனா நேரத்து மாஸ்க்கோ அதத் தடுக்காது. ஆர்கானிக் ஆவிக்குன்னு உள்ள கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கு, கையுறை, வெட்டவெளி, மூணும் வேணும். ஆஸ்துமா உள்ளவங்க கிட்டயே நிக்க வேண்டாம். அந்த மாஸ்க்கு வாங்குற காசும் இந்தக் கணக்குல சேரும், அதான் இதுல ஒளிஞ்சிருக்க செலவு.

வெட்டவெளின்னு சொன்னதும் நம்ம ஊரு சிக்கல் வந்துருச்சு. நான் மொதத் தடவ ஆடி மாசம் மத்தியானம் மூணு மணிக்கு அடிச்சேன். கச்சான் காத்து. கிளியர் காயிறதுக்குள்ள எங்க தெரு மணலு, வேப்பிலக் காம்பு, ரெண்டு கொசு, எல்லாம் உள்ள செட்டாயிருச்சு. அந்தக் கொசு ஒரு வருசம் என் கூடவே பரமக்குடி வரைக்கும் போயிட்டு வந்துச்சு. காத்து படுத்துக் கிடக்குற விடியக்கால நேரம்தான் இதுக்குத் தோது, ஆனா பனி எறங்குன ஈரத்துல அடிச்சா கிளியர் வெளுத்துரும், அதனால வெயில் ஏறி ஈரம் காஞ்ச பொறகு, காத்து கெளம்புறதுக்கு முன்னாடி இருக்க அந்த ஒண்ணு ஒண்ணர மணி நேரம். ஐப்பசி கார்த்திகை மழையில யோசிக்கவே வேண்டாம்.

ரெண்டாவது கிளை இதவிட நல்லது, யாரும் பெருசா சொல்லாதது. தேய்க்கிறத வீட்ல நீங்களே தேய்ச்சுட்டு, டிங்கரிங் பெயிண்டிங் பட்டறைக்குப் போயி, "அண்ணே, அடுத்து எந்த வண்டிக்குக் கிளியர் அடிக்கிறீங்களோ அன்னைக்கு வர்றேன், இந்த ரெண்டு லைட்டுக்கும் சேத்து ஒரு கையி அடிச்சு விடுங்க"ன்னு கேக்குறது. அவங்க அடிக்கிறது பியூ (பாலியூரித்தேன்) கிளியர், அதுவும் ஹார்டனர் கலக்குற அதே ஜாதி, கம்ப்ரஷர் கன்னுல அடிக்கிறதால மட்டமா விழும். அவங்களுக்கு கலக்கி வச்ச சரக்குல மிச்சம் விழுகுறதுதான், தனியா கலக்கச் சொன்னாத்தான் காசு. எனக்கு ரெண்டாவது தடவ நானூறு வாங்குனாரு. பேப்பர், டேப்பு எரநூறு. ஆக அறுநூறு. இது அடிச்சு இருபது மாசம் ஆச்சு, வலது பக்கம் ஓரத்துல மட்டும் லேசா மணலு அடிச்ச புள்ளி, மத்தபடி தெளிவா இருக்கு.

சிக்கல் ஒண்ணுதான், பெயிண்டர் சொல்ற "நாளைக்கு". நாலு தடவ "நாளைக்கு" கேட்டு அலைஞ்சேன் நான். அது வரைக்கும் தேய்ச்ச லைட்ட வெறுமனே விடாம பிளாஸ்டிக் கவரப் போட்டு மூடி வைங்க, அவரு அடிக்கிறதுக்கு முன்னாடி ஆல்கஹால்ல ஒரு தடவ தொடைச்சுக் குடுங்க.

## டீடெயிலிங் கடையில குடுக்குறது

வண்டியக் கழுவி பாலிஷ் போட்டுப் புதுசாக்குற கடையத்தான் டீடெயிலிங் கடைங்குறாங்க. மதுரையில ரெண்டு லைட்டுக்கு ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரம் வரைக்கும் சொல்றாங்க. மெஷின் பாலிஷ், ஒரு மணி நேரத்துல வேல முடிஞ்சுரும், பாக்க அருமையா இருக்கும். கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: பாலிஷோட முடியுதா, மேல கிளியரோ செராமிக் கோட்டிங்கோ பிபிஎஃப் ஃபிலிமோ (மேல ஒட்டுற பாதுகாப்பு பிளாஸ்டிக் தாள்) வைக்கிறீங்களா? "பாலிஷ் போட்டாலே போதும் சார்"னு சொன்னா நன்றி சொல்லிட்டு வந்துருங்க. டீச்சரக்கா போன வருசம் ஒரு கடையில ஆயிரத்தி எரநூறு குடுத்து வெறும் பாலிஷ் போட்டாங்க, நாலே மாசம். மாசத்துக்கு முந்நூறு ரூவா. புது லைட்டு வாங்குறதவிட இது வெல கூடுன வழி, கேக்க நம்புற மாதிரி இருக்காது, ஆனா வகுத்துப் பாருங்க.

ஃபிலிம் ஒட்டுற கடையா இருந்தா விசயம் வேற. தனுஷ்கோடி ரோட்டுல டெய்லி ஓடுற வண்டிக்கு மணலத் தாங்குறதுல கிளியரவிட ஃபிலிம்தான் ஒசத்தி, ஏன்னா அடி வாங்குறது ஃபிலிமு, கெட்டா உரிச்சுட்டு வேற ஒட்டிக்கலாம்.

## புதுசா மாத்துறது

சின்ன காருக்கு ஒரு பக்கத்துக்கு ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரத்தி ஐநூறு வரைக்கும் ஹாலோஜன் செட்டு கிடைக்கும், வண்டியப் பொறுத்து மாறும். புரொஜெக்டர், எல்ஈடின்னு வந்த வண்டிக்கு அந்த வெலைய நெனைக்கவே வேண்டாம்.

அமெரிக்காவுல ஏஏஏன்னு வாகனக்காரங்க சங்கம் ஒண்ணு 2018ல இத அளந்து பாத்துச்சு. மங்குன லைட்டு புதுசோட வெளிச்சத்துல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குதான் குடுக்குது, தேய்ச்சு சரி பண்ணா எழுவது சதவீதம் அளவுக்கு வருது, கம்பெனி ஒரிஜினல் மாட்டுனா முழுசும், வெளி மார்க்கெட் சாமான்னா எம்பது தொண்ணூறுக்குள்ள. ஆக ராத்திரி வெளிச்சம் மட்டும்தான் கணக்குன்னா புதுசுக்கு ஈடு கிடையாது. ஆனா அஞ்சுல ஒண்ணுல இருந்து எழுவதுக்கு வர்றதுக்கு அறுநூறு ரூவா, எழுவதுல இருந்து நூறுக்குப் போக ஆறாயிரம், அதையும் பாக்கணும்.

ஒளிஞ்சிருக்க செலவு இதுலதான் அதிகம். பல வண்டியில பம்பரக் கழட்டுனாத்தான் லைட்டு வெளிய வரும், வெயில்ல காஞ்ச பழைய கிளிப்பு பாதி ஒடையும். ஒரு பக்கம் மட்டும் மாத்திட்டு இன்னொண்ண அப்படியே விட்டா ஒத்தக் கண்ணு மாதிரி இருக்கும், அதனால ரெண்டும் மாத்தவோ, இன்னொண்ணத் தேய்க்கவோ வேண்டி வரும். மாத்துன பொறகு லைட்டு உயரத்த செட் பண்ணியே ஆகணும். கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு செவத்துக்கு எதுத்தாப்ல நிறுத்தி வெளிச்சம் விழுற கோட்ட சாக்பீஸால போட்டு வச்சுக்கிட்டா பொறகு அதே எடத்துல நிறுத்தி சரி பாத்துக்கலாம், இல்லைன்னா பாம்பன் பாலத்துல எதுத்தாப்ல வர்ற பஸ்காரரு உங்க பரம்பரையவே இழுப்பாரு.

வெல கம்மியாக் கிடைக்கிற பேரு தெரியாத செட்டுல கோட்டிங் சொல்லிக்கிற மாதிரி இருக்காது. சொந்தக்காரர் ஒருத்தரு மண்டபம் ஊருல அப்படி ஒண்ணு மாட்டி ரெண்டு கோடையக் கூட அது தாண்டல. பழைய இரும்புக் கடையில செகண்ட் ஹேண்ட் எடுக்கலாம்தான், ஆனா அதுவும் அதே வயசு பிளாஸ்டிக்கு, வாங்கிட்டு வந்து அதையும் தேய்க்கணும்.

எப்ப இதுதான் சரி: சொம்புத் தண்ணி சோதனையில தோத்துருந்தா, ரிஃப்ளெக்டர் உரிஞ்சிருந்தா, பின்னாடி ரப்பர் மூடி போயி உள்ள உப்பு எறங்கியிருந்தா, மவுண்ட்டு ஒடைஞ்சு லைட்டு ஆடிக்கிட்டு இருந்தா. மாட்டுன அன்னைக்கே அது மேல ஃபிலிம் ஒட்டிருங்க, புதுசா இருக்கும்போதுதான் அதுக்கு அர்த்தம்.

## ஒரே பார்வையில

மாசக்கணக்கு எங்க பக்கத்து வெயிலு உப்புக்கு, நான் பாத்த வண்டிகள வச்சுப் போட்டது. கடலவிட்டுத் தள்ளி இருக்க ஊருல நெழல்ல நிக்கிற வண்டிக்கு இன்னும் கூட நிக்கும்.

| வழி | ரெண்டு லைட்டுக்கும் செலவு | நிக்கிற காலம் | மாசத்துக்கு | கை தவறுனா |
|---|---|---|---|---|
| பேஸ்ட், சோடா உப்பு | ஒண்ணுமில்ல | 3 வாரம் | உங்க நேரம் | பெருசா ஒண்ணும் ஆகாது |
| கொசு ஸ்ப்ரே, தின்னர், ஆவி | 100 முதல் 1000 | சில நாள் முதல் சில மாசம் | கேக்காதீங்க | லைட்டே போயிரும் |
| வாட்டர் பேப்பர் + வேக்ஸ் | 500 | 5 மாசம் | 100 | திரும்பத் தேய்க்கலாம் |
| வாட்டர் பேப்பர் + டூகே டப்பா | 1200, மாஸ்க்கு தனி | 20 மாசம் அளவுக்கு | 60 | உரிச்சுட்டுத் திரும்பத் தேய்க்கணும் |
| வாட்டர் பேப்பர் + பட்டறை கிளியர் | 600 | 20 மாசம் தாண்டியும் | 30 | பெயிண்டர் கையில |
| கடையில வெறும் பாலிஷ் | 1200 | 4 மாசம் | 300 | கடைக்காரர் பொறுப்பு |
| புது ஒரிஜினல் செட் | 7000 | 6 வருசம் அளவுக்கு | 100 | கிளிப்பு, உயரம் |

## அப்ப யாருக்கு எது

டீச்சரக்காவுக்கு பட்டறை கிளியர்தான். ஏர்வாடி ரோட்டுல பொழுது சாஞ்சு திரும்புறவங்க, மாசாமாசம் வேக்ஸ் போட நேரமும் இல்ல. தேய்க்கிறத அவங்க வீட்டுப் பையன் லீவு நாள்ல செஞ்சுருவான்.

கீழக்கரை வாப்பா ராத்திரியில வண்டியே எடுக்க மாட்டாரு, பகல்ல பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும்தான். அவருக்கு வாட்டர் பேப்பர், வேக்ஸ் போதும், நெழல்ல வண்டி நிக்கிது, கழுவுறதுக்கு ஆளு இருக்கு. காக்கா "துபாய்ல இருந்து டூகே டப்பா கொண்டு வரவா"ன்னு கேட்டாரு. வேண்டாம் காக்கா, பிளேன்ல ஸ்ப்ரே பெயிண்ட்ட ஏத்த விட மாட்டாய்ங்க. வண்டிய விக்கிற யோசனையும் அவருக்கு இருக்கு, அப்படின்னா இப்போதைக்கு இதுக்கு மேல காசு போடவே வேண்டாம், வாங்குறவன் கிட்ட மட்டும் தேய்ச்சு வச்சுருக்குன்னு சொல்லிருங்க.

மச்சான் கதைதான் இழுவ. அவன் வேனுல வலது லைட்டுக்குள்ள ரிஃப்ளெக்டரே உரிஞ்சு போச்சு, இடது நல்லா இருக்கு, மேல பூத்தது மட்டும்தான். வலது பக்கம் புது ஒரிஜினல், இடது பக்கம் தேய்ச்சு பட்டறை கிளியர், ரெண்டுக்கும் மேல ஃபிலிம். இப்படிப் பிரிச்சுச் செஞ்சா ரெண்டையும் மாத்துற காசுல பாதிக்குக் கொஞ்சம் மேல முடியும், ஃபிலிம் காசு தனி, நெறத்துல வித்தியாசமும் அம்புட்டாத் தெரியாது. சீசன் நேரத்துல வேன ஒரு நாளு நிறுத்த மனசு வரலைங்குறான். கச்சான் அடங்கட்டும், வாடை ஆரம்பிச்சு மழ புடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பத்து நாளு காத்து ஓஞ்சு கிடக்கும், அப்ப என் ஆல்ட்டோவோட வலது ஓரத்தையும் சேத்து அதே பட்டறைக்கு ரெண்டு வண்டியையும் ஒண்ணா ஓட்டிட்டுப் போலாம்னு பேசி வச்சுருக்கோம், கலக்குற கிளியர் ரெண்டு வண்டிக்கும் பங்கு போட்டுரும்.